கஸ்தூரியின் தலையில் முப்பத்தொரு கிராம்

கஸ்தூரி மதம் மாறிவிட்டாள் என்று ஜொகூரின் யோங் பெங் ஊரில் மூன்று பேர் என்னிடம் சொன்னார்கள். மூவருமே "நான் சொன்னதா சொல்லிடாதீங்க" என்று முடித்தார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. எழுதுகிறேன், அவ்வளவுதான்.

முதல் ஆள் சொன்னது முடிதிருத்தும் கடையில். சவரக்கத்தி காதோரம் இருக்கும்போது எந்தச் செய்தியையும் மறுத்துப் பேசும் பழக்கம் எனக்கில்லை. இரண்டாவது ஆள் ரொட்டி சானாய் கடையில், வாய் நிறைய ரொட்டியோடு சொன்னார், பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. மூன்றாவது ஆள் பேச்சியம்மாள். இவர் கஸ்தூரியின் கணவன் ராஜசேகரனுக்கு மூத்த அக்காள். அதே தாமானில், அதே குடியிருப்பு வரிசையில், மூன்று வீடு தள்ளி இருப்பவர். கோயில் மகளிர் குழுவின் தலைவி. நாத்தனாரே சொல்லிவிட்டால் வதந்திக்கு முத்திரை குத்தியாகிவிட்டது என்று பொருள்.

"கண்ணால பாத்தேன் தம்பி," என்றார் பேச்சியம்மாள். "வெள்ளிக்கெழமை அதுவுமா தலைக்குக் குளிக்கல. நெத்தியில பொட்டு இல்ல. சாமிக்கு வெளக்கு ஏத்துறது யாரு தெரியுமா? ராஜசேகரன்! இடுப்புல ஆபரேசன் பண்ணுன மனுசன், கைலிய ஒரு கையில புடிச்சிக்கிட்டு வெளக்கேத்துறான். இவ பாட்டுக்கு ஐலீன் கார்ல ஏறிப் போறா. அந்தக் காரு கண்ணாடியில என்னா தொங்குது? செபமாலை!"

"ஐலீன் மூணு வருசமா அவங்களை ஏத்திட்டுப் போறாங்களே அக்கா?"

"அதான் சொல்றேன். மூணு வருசமா வேலை பாத்திருக்கா."

இப்படிப்பட்ட தர்க்கத்துக்கு எதிரில் நின்று பேசக்கூடாது. அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்த ஐலீனை மாதா கோயிலின் கார் நிறுத்துமிடத்தில் பிடித்தேன். கஸ்தூரியோடு ஒரே இடத்தில் வேலை செய்பவர். செய்தியைக் கேட்டதும் காரின் மீது சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"அலமாக்! எம் புருசனையே பூசைக்கு இழுத்துட்டு வர முடியல. நான் போயி கஸ்தூரிய மாத்துறேனா?"

"அப்புறம் ஏன் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்கிறதில்லை?"

சிரிப்பு நின்றது. "அதை அவகிட்டயே கேளுங்க. பேட்டரிக்காக," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பேட்டரிக்காகத் தலைக்குக் குளிக்காத விரதம் எந்தச் சாமிக்கும் இருப்பதாக எனக்குத் தெரியாது. ஆகவே கஸ்தூரியின் வீட்டுக்கே போனேன். சனிக்கிழமை மாலை. அவர் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நாற்பத்தாறு வயது. பெக்கோக் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்து, பதினெட்டு வயதில் தொழிற்சாலைக்கு வந்து, வானொலிக்குக் கம்பி பற்றவைத்து, கைப்பேசிக்குத் திருகாணி முடுக்கி, இப்போது பேட்டரியில் நிற்கிறார். கூந்தல் இடுப்பைத் தாண்டும். அதுதான் இந்தக் கதையின் குற்றவாளி என்று அப்போது எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

கஸ்தூரி வேலை செய்வது கூலாய் பக்கத்தில் ஒரு சிறு நிறுவனத்தில். அவர்கள் செய்ய முயல்வது, ஒரே எடையில் இப்போதுள்ளதைவிடக் கூடுதல் மின்சாரம் தாங்கும் பேட்டரி. உள்ளங்கை அளவு வெள்ளி நிறப் பை. அதற்குள் மெல்லிய தகடுகள். தகடுகளுக்கு நடுவே ஒரு திரவம். காருக்கு ஊற்றும் பழைய பேட்டரித் தண்ணீர் இல்லை இது. தண்ணீரே சேராத கரிமக் கரைப்பானில் லித்தியம் உப்பைக் கரைத்தது. எலக்ட்ரோலைட் என்பார்கள். அந்த உப்புக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது. ஒரு துளியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஈரம் பட்டாலும் அமிலமாகும், காற்றாகும், பை பூரி மாதிரி உப்பிவிடும். அதனால் அந்தத் திரவத்தை ஊற்றும் அறையில் ஈரமே இருக்கக்கூடாது; காற்றையே பிழிந்து காயவைத்துத்தான் உள்ளே விடுவார்கள். மாலை நான்கு மணியானால் மழை கொட்டும் ஜொகூரில், துவைத்த துணி இரண்டு நாளாகியும் காயாத ஜொகூரில், ஈரமில்லாத அறை கட்டலாம் என்று யாருக்குத் தோன்றியதோ, அவருடைய துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்த அறையில் திரவம் ஊற்றும் மேசை கஸ்தூரியுடையது. பொருள் உள்ளே வரும் சிறு கதவுப்பெட்டி ஐலீனுடையது. அதற்கு வெளியே ஒரு கதவு, உள்ளே ஒரு கதவு. ஒன்றை மூடி மூன்று நிமிடம் காத்திருந்துதான் மற்றதைத் திறக்க வேண்டும். இவர்களோடு இரண்டு மலாய்க்கார இளைஞர்கள். எல்லாருக்கும் மேலே ரூபேந்திரன். முனைவர் பட்டம் பெற்றவர், முப்பத்திரண்டு வயது. ஊழியர்கள் அவரை டாக்டர் என்று கூப்பிடப் போய், துப்புரவு செய்யும் அம்மா முழங்கால் வலிக்கு மருந்து கேட்டுவிட்டாராம்.

அறைக் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. பவுடர் கூடாது, வாசனைத் திரவியம் கூடாது, நகை கூடாது, நெற்றியில் எதுவும் கூடாது. கஸ்தூரி தினமும் வாசலில் பொட்டை அழித்துவிட்டுத்தான் நுழைவார். அந்தப் பட்டியலை எழுதி அனுப்பியவர்கள் இயந்திரம் விற்ற குளிர்நாட்டுக்காரர்கள். அவர்கள் ஊரில் வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு யாரும் சீயக்காய் தேய்ப்பதில்லை. ஆகவே அதைப் பற்றிப் பட்டியலில் ஒன்றுமில்லை.

இங்கே அரசாங்கம் உள்ளே வருகிறது. ஜொகூரில் பத்தாண்டுகளுக்கு மேலாக வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. கஸ்தூரியின் நிறுவனமும் அதையே பின்பற்றியது. வெள்ளிக்கிழமை சாவகாசமாகத் தலைக்குக் குளித்து, முடியை விரித்துப்போட்டு, விளக்கேற்றி, மத்தியானத்துக்கு மேல் பின்னிக்கொள்வார். 2025 பிறந்ததும் விடுமுறை சனி ஞாயிறுக்கு மாறியது. வெள்ளி வேலைநாளாகிவிட்டது. சாமிக்கு யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை. எனவே கஸ்தூரி ஐந்து மணிக்குத் தலைக்குக் குளித்து, ஈரத்தோடு கொண்டை போட்டு, ஐந்து நாற்பதுக்கு ஐலீன் காரில் ஏறினார்.

ஜனவரியிலிருந்து பைகள் உப்ப ஆரம்பித்தன.

எல்லாம் இல்லை. இருபதில் ஐந்து, ஆறு. அறுபது பாகையில் வைத்த அடுப்பில் பத்து நாள் வைத்துப் பார்ப்பார்கள். எட்டாம் நாளே சில பைகள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கும். ட்ரோன் செய்யும் சிங்கப்பூர் வாடிக்கையாளர் ஒருவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, இன்னும் ஒரே ஒரு தொகுதிதான் பார்ப்போம் என்று மே மாதம் சொல்லிவிட்டார். அதே வாரம் ஒப்பந்த ஊழியர்களுக்குக் கடிதம் வந்தது. ஜூன் முடிவில் ஒப்பந்தம் முடிகிறது. அதற்குப் பிறகு அந்த அறைக்கு இரண்டு பெண்கள் தேவைப்படாமல் போகலாம். "போகலாம்" என்ற சொல்லைக் கஸ்தூரி எத்தனை முறை படித்தார் என்று அவருக்கே தெரியாது. இடுப்பு அறுவைக்குப் பிறகு ராஜசேகரன் லாரி ஓட்டுவதில்லை. வீட்டில் ஒரு சம்பளம்தான்.

கடிதம் வந்த வாரத்து வெள்ளிக்கிழமை மாலை, கண்ணாடி முன் நின்று கொண்டையை அவிழ்த்தார். முடி தேங்காய் நார் மாதிரி மொறமொறவென்று இருந்தது. சீப்பை வைத்ததும் இழைகள் எழுந்து நின்றன.

"எம் முடி விரிச்சிப் போட்டாலே மத்தியானம் வரைக்கும் காயாதுண்ணே," என்றார் என்னிடம். "சுருட்டிக் கொண்டை போட்டு, அதுக்கு மேல தொப்பி, அதுக்கு மேல முக்காடு, முழு உடுப்பு. ராத்திரி வரைக்கும் ஈரமா நாறிக்கிட்டுல்ல இருக்கணும்? காஞ்சி போச்சி. அப்ப அந்தத் தண்ணியெல்லாம் எங்க போச்சி?"

அது எங்கே போயிருக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. திறந்திருக்கும் பையின் மேல் குனிந்துதானே ஊற்றுகிறார். முக்காட்டின் கழுத்து வழியாக அந்த ஈரம் நேராக எங்கே இறங்கும்? திங்கட்கிழமை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்து, சனியும் ஞாயிறும் மனத்துக்குள் வாக்கியத்தைச் செதுக்கினார். "டாக்டர், ஒரு சின்ன சந்தேகம்" என்று தொடங்குவதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை ரூபேந்திரன் முந்திக்கொண்டார். சுவரில் ஒரு அட்டவணை. உப்பிய பை ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்புப் புள்ளி. எல்லாப் புள்ளியும் வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் அம்மை போட்டதுபோல நின்றன.

"வெள்ளிக்கிழமை மட்டும் என்னா வித்தியாசம்?" என்று கேட்டு அவரே பதிலும் சொன்னார். தொழுகைக்காக இரண்டு மலாய்க்கார இளைஞர்களும் பன்னிரண்டரைக்குப் போய் இரண்டரைக்குத்தான் வருவார்கள். அந்த இரண்டு மணி நேரம் கதவுப்பெட்டியை ஐலீன் தனியாகப் பார்த்துக்கொள்கிறார். "அக்கா, அந்த மூணு நிமிசம் நிக்கிறீங்களா?"

"நிக்கிறேன் லா டாக்டர்."

"எப்பவுமா?"

ஐலீன் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர்கள் இப்படித்தான் கெடுகிறார்கள். "எப்பவும்னு எப்படி டாக்டர் சத்தியம் பண்றது?"

அன்றே அவர் வெளியே, ஸ்டிக்கர் ஒட்டும் மேசைக்கு மாற்றப்பட்டார். மலாய்க்கார இளைஞர்கள் பாசமாகத்தான் பெயர் வைத்தார்கள்: காக் பிந்து, கதவு அக்கா. கஸ்தூரி செதுக்கி வைத்த வாக்கியம் வாய்க்குள்ளேயே இருந்தது.

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

பயற்றங்காய் முடிந்துவிட்டது. கத்தி மட்டும் பலகையில் நகர்ந்துகொண்டிருந்தது. "மொதல்ல உறுதி பண்ணிக்குவோம்னு நெனச்சேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

அந்த வெள்ளிக்கிழமை அவர் தலைக்குக் குளிக்கவில்லை. குளிக்காமல் விளக்கைத் தொட மனம் வரவில்லை. ராஜசேகரனை ஏற்றச் சொன்னார். பொட்டும் வைக்கவில்லை. மூன்று வீடு தள்ளிப் பேச்சியம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். யோங் பெங் வரலாற்றில் அந்த மதமாற்றம் நடந்தது இப்படித்தான்.

சிங்கப்பூர்க்காரரின் கடைசித் தொகுதியாக அன்று ஊற்றிய இருபது பையும் திங்கட்கிழமை அடுப்புக்குள் போயின. அதற்குப் பிறகுதான் கஸ்தூரிக்குத் தன் சோதனையில் உள்ள ஓட்டை உறைத்தது. பை உப்பினால், முடி காரணமில்லை. ஆனால் கடைசித் தொகுதியும் போச்சு, அறையும் போச்சு. பை உப்பாவிட்டால், முடிதான் காரணம். ஆனால் அதை யார் அப்படிப் படிப்பார்கள்? ஐலீனை வெளியே அனுப்பினோம், பை உப்புவது நின்றது என்றுதான் படிப்பார்கள். அவர் குளிக்காமல் வந்த ஒவ்வொரு வெள்ளியும் ஐலீனுக்கு எதிரான சாட்சி. சத்தமில்லாமல் தன் தவறைத் திருத்திக்கொள்ளப் போய், அதை ஐலீன் பெயரில் ஆணியடித்துவிட்டார்.

அடுப்புக்கு ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. காலையில் வந்ததும் ஒரு தடவை, சாப்பிடப் போகும்போது ஒரு தடவை, கிளம்பும்போது ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். நான்காம் நாள் ஓரத்துப் பை லேசாக உப்பியதுபோலத் தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் விளக்கின் நிழல். நிம்மதியா ஏமாற்றமா என்று சொல்லத் தெரியவில்லை என்றார். எட்டாம் நாள், "என்னா அக்கா, அடுப்புல பொங்கலா வச்சிருக்கீங்க?" என்று ஒரு இளைஞர் மலாயில் கேட்டார், எல்லாரும் சிரித்தார்கள், கஸ்தூரியும் சிரித்தார், சிரித்துவிட்டுக் கழிவறைக்குப் போய் முகம் கழுவினார்.

இதற்கு நடுவே தினமும் அந்தக் கார். ஐலீன் பக்கத்தில், ஒரு மணி நேரம், மாச்சாப், சிம்பாங் ரெங்கம், செடெனாக் என்று ஊர் ஊராக. ஐலீன் பழையபடி பேசுவார். ஸ்டிக்கர் மேசையில் நாற்காலி நன்றாக இருக்கிறது, முக்காடு போட வேண்டியதில்லை, முகம் அரிக்கவில்லை என்பார். கஸ்தூரி ஜன்னல் வழியாக எண்ணெய்ப்பனை மரங்களை எண்ணிக்கொண்டு வருவார்.

பத்தாம் நாள், வியாழக்கிழமை, அடுப்பைத் திறந்தார்கள். இருபதும் தோசைக்கல் மாதிரித் தட்டையாக இருந்தன. ரூபேந்திரன் எல்லாருக்கும் கறிபாப் வாங்கிவந்தார். "பாத்தீங்களா, கதவுதான்," என்றார். நல்ல மனிதர், ஐலீனுக்கும் ஒன்று வெளியே கொடுத்தனுப்பினார்.

அன்று மாலையும் ஐலீன்தான் கார் ஓட்டினார். செடெனாக் தாண்டிய பிறகு, சாலையைப் பார்த்தபடியே, "ஜனவரியிலருந்து எத்தனை பை கெடுத்தேனோ லா," என்றார். "நான் நின்னேன்னுதான் நெனச்சிக்கிட்டு இருந்தேன். நிக்கலை போல."

கஸ்தூரி அதுவரை தாங்கினார். செய்யாத தவறைச் செய்ததாக ஐலீனே நம்ப ஆரம்பித்துவிட்டதைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்குத் தலைக்குக் குளித்தார். காரில் ஏறியதும் ஐலீன் திரும்பிப் பார்த்தார். "என்னா, இன்னிக்குக் குளிச்சிட்டே? ரெண்டு வாரமா இல்லையே."

தொழிற்சாலையில் கஸ்தூரி உடுப்பு மாற்றும் அறைக்குப் போகாமல் நேராக ரூபேந்திரன் மேசைக்குப் போய் நின்றார். கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த காய்ந்த துண்டு.

"டாக்டர், இந்தத் துண்டை நிறுத்துப் பாருங்க."

"என்னா அக்கா இது?"

"நிறுங்க சொல்றேன்."

நிறுத்தார். கஸ்தூரி கொண்டையை அவிழ்த்து, அந்தத் துண்டால் முடியைச் சுற்றிப் பிழிந்து, திரும்பக் கொடுத்தார். "இப்ப நிறுங்க."

முப்பத்தொரு கிராம் கூடியிருந்தது.

ரூபேந்திரன் துண்டைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், கஸ்தூரியின் தலையைப் பார்த்தார். பத்து லட்சத்தில் இருபது பங்கு ஈரத்துக்குப் பயந்து தூக்கம் கெட்டவர் அவர். "ஈரமானி ஒன்னும் காட்டலையே," என்றார்.

"அது எங்க மாட்டியிருக்கு?"

மேலே, காய்ந்த காற்று உள்ளே வரும் துளைக்குப் பக்கத்தில். அங்கே எப்போதும் வறட்சிதான் தெரியும். ரூபேந்திரன் நாற்காலியில் உட்கார்ந்தார். "இது எப்ப உங்களுக்குத் தோணிச்சி?" என்று கேட்டார். கஸ்தூரி தேதியைச் சொன்னார். பொய்த் தேதி ஒன்று நாக்கில் வந்ததாம், விழுங்கிவிட்டாராம்.

அன்று பன்னிரண்டு மலிவான பைகளை எடுத்து, ஈரக் கொண்டையோடு கஸ்தூரியையே ஊற்ற வைத்தார்கள். கதவுப்பெட்டியை யாரும் தொடவில்லை. அடுப்பில் இன்னொரு பத்து நாள். இந்த முறை கஸ்தூரி ஜன்னல் பக்கமே போகவில்லை. ஏழு பைகள் உப்பின.

ஐலீன் உள்ளே வந்துவிட்டார். ஈரமானியை ஊற்றும் மேசைக்கு இறக்கினார்கள். கதவுப் பட்டியலில் ஈரத் தலைமுடி கூடாது என்று நான்கு மொழியில் ஒரு வரி சேர்ந்தது. ஒப்பந்தம் இருவருக்கும் டிசம்பர் வரை நீண்டிருக்கிறது. சிங்கப்பூர்க்காரர் இன்னும் அறுபது பை கேட்டிருக்கிறார், அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. கஸ்தூரி இப்போது வியாழக்கிழமை மாலையே தலைக்குக் குளிக்கிறார். இதையெல்லாம் நான் பேச்சியம்மாளிடம் விளக்கினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "வியாழக்கெழமையா? அப்ப அந்தச் சாயிபாபா கூட்டத்துல சேந்துட்டா போல," என்றார். உண்மையைக் கொண்டுபோய்க் கொடுத்து வதந்தி வாங்கி வந்த முதல் ஆள் நானாக இருக்கமாட்டேன்.

நடந்ததை ரூபேந்திரன் அறிக்கையாக எழுதி, கூட்டத்தில் வாசித்தார். அதில் தேதிகள் இருந்தன. ஊழியருக்கு முதலில் சந்தேகம் வந்த நாள். ஊழியர் தெரிவித்த நாள். ஐலீனும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். மாலையில் மாச்சாப் ஓய்விடத்தில் காரை நிறுத்தினார்.

"எம் பேரு மாறுன திங்கக்கெழமையிலருந்து பதினெட்டு நாளு," என்றார். "அதுல பதினாலு காலை எங் கார்லதான் வந்தே."

"தெரியும்."

"சாரி எல்லாம் வேணாம். ஏன்னு மட்டும் சொல்லு."

"சொல்றேன்."

"எப்ப?"

"சொல்றேன் லா."

அது நடந்து ஐந்து வாரமாகிறது. என்னிடம் கஸ்தூரி எல்லாவற்றையும் சொன்னார்: கடிதத்தை, இடுப்பை, இரண்டு பெண்களில் ஒருத்திதான் மிஞ்சுவாள் என்ற கணக்கை, அந்த ஒருத்தி தானாக இருக்கட்டும் என்று ஒரு நிமிடம் நினைத்ததை. இதை அப்படியே ஐலீனிடம் சொல்ல வேண்டியதுதானே என்றேன்.

"உங்ககிட்ட சொல்றது சுலபம்ணே. நீங்க காரை ஓட்டலையே."

நான் எழுதிவிடுகிறேன், அவர் படித்துக்கொள்ளட்டும் என்று தூது போனேன். "எழுதுங்க, படிப்பேன்," என்றார் ஐலீன். "ஆனா அது கணக்குல சேராது. அவ வாயால வரணும்."

காலை ஐந்து நாற்பதுக்குக் கார் வாசலில் வந்து நிற்கிறது. அறையில் இன்னும் ஐலீனின் பெயர் காக் பிந்துதான். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார். சிம்பாங் ரெங்கம் தாண்டியதும் ஐலீன் வானொலியின் சத்தத்தைக் குறைக்கிறாராம், தினமும், ஒரு இரண்டு நிமிடத்துக்கு. பிறகு கூட்டிவிடுகிறாராம்.